ரப்பர் பேண்ட் மிஸ்ஸின் அம்மா

"முன் வரிசையில எங்கம்மா உக்காரணும் மேடம்."

கேட்டுவிட்டாள். இரண்டு வருஷமாக நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது, வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, மேடத்தின் அறையில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்த நேரத்தில் வெளியே வந்து விழுந்தது. விழுந்த பிறகு ஒன்றும் ஆகவில்லை. மேஜை விசிறி இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

மேடம் பேனாவை மூடினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறவர். குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று தெரிந்தவர்.

"கதவச் சாத்து."

சாத்தினாள்.

"என்ன சொன்னே?"

"நாளைக்கு ஆண்டு விழாவுல சிறந்த ஆசிரியையோட அப்பா அம்மாவ முன் வரிசையில உக்கார வைப்பீங்கல்ல? வருஷா வருஷம் அப்படித்தானே? இந்த வருஷம் எனக்குத்தானே குடுக்குறீங்க? அப்பா இல்ல. அம்மா இருக்காங்க." கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். கதவுக்கு வெளியே வாளியின் கைப்பிடி நழுவி விளிம்பில் மோதுகிற சத்தம் கேட்டது. "இங்கதான் இருக்காங்க."

"முதல் நாளே நாம என்ன பேசினோம்?"

"இந்தக் கட்டடத்துக்குள்ள அவங்க எனக்கு யாரும் இல்லன்னு பேசினோம்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அன்றைக்குச் சரி என்று சொன்னது அவள் வாய்தான். ஆனால் பக்கத்தில் நின்ற அம்மா, யாருக்கும் தெரியாமல் அவள் முழங்கையைக் கிள்ளிச் சொல்ல வைத்த சரி அது.

"நான் ஒண்ணும் கெட்டவ இல்லம்மா," என்றார் மேடம். "எனக்கு இதுல எந்த வித்தியாசமும் கிடையாது. படி ஏறி வர்றவங்களுக்கு இருக்கே. நம்ம விளம்பரத்துல என்ன போட்டிருக்கோம்? பிறந்ததுலேர்ந்து வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த ஆசிரியைகள். அந்த ஒரு வரிக்குத்தான் வர்றாங்க."

"நான் அப்படி வளரலையே மேடம்."

"அது உன் வாயில தெரியலையே. தெரிஞ்சிருந்தா உன்ன எடுத்தே இருக்க மாட்டேன்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கொடுமையே அதுதான்.

"நாற்காலியப் பத்தி நீ கவலைப்படாத. அத நான் யோசிச்சு வச்சுட்டேன். எங்க அண்ணி வர்றாங்க. பேங்க்ல ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க உக்காருவாங்க."

"எங்க உக்காருவாங்க?"

"உன் அம்மா நாற்காலியில."

"யாரா உக்காருவாங்க?"

மேடம் ஒரு காகிதக் கவ்வியை எடுத்து, பிரித்து, மறுபடி வளைத்தார். "உன் அம்மாவா. ஒரு மணி நேரம். ஒரு போட்டோ. அவ்வளவுதான். அவங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆசையா ஒத்துக்கிட்டாங்க."

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும். அப்படி இருந்தது அவளுக்கு. கோபம் வரவேண்டிய இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வரவில்லை.

"அப்புறம் வருஷா வருஷம் மேடையில பேசிக் காட்டுவோமே, அந்த முன்-பின் காட்சி," என்று மேடம் ஒரு தாளை நீட்டினார். "இந்தத் தடவை இந்த வாக்கியத்த வச்சுப் பண்ணு. அண்ணியக் காட்டிச் சொல்லு. மனசைத் தொடுற மாதிரி இருக்கும்."

தாளில் ஒரே ஒரு வரி. 'ஷி இஸ் மை மதர்.'

அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். நடைவழியில் பாதித் தரை ஈரமாகப் பளபளத்தது. துடைப்பக்கட்டையை ஊன்றி நின்ற பெண் சுவரோடு ஒதுங்கிக்கொண்டு, பெற்ற மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பாத்துப் போங்க மிஸ். ஈரமா இருக்கு."

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏம்மா, இங்க கொஞ்சம் பெருக்கிடுங்க." "அம்மா, குழாயில தண்ணி வரல." வாட்ச்மேன் கூப்பிடுவார், நேற்றுச் சேர்ந்த மாணவன் கூப்பிடுவான், மேடமும் கூப்பிடுவார். கூப்பிடக் கூடாதவள் ஒருத்திதான். வேலையில் சேர்ந்த புதிதில் அவளும் மற்றவர்களைப் போல அப்படிக் கூப்பிட்டாள்தான். மூன்றாம் நாளே மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "எல்லாரும் சொல்றாங்களேன்னு நெனச்சேன். ஆனா நீ சொன்னா காது கண்டுபிடிச்சிடுதும்மா. நாங்க சொல்றப்ப அந்தச் சொல்லுல ஒண்ணும் இல்ல. நீ சொல்றப்ப ஏதோ இருக்கு. வேண்டாம்." அன்றிலிருந்து அவள் அம்மாவை, "இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். அம்மா அவளை "மிஸ்" என்றாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அப்படி. பேருந்தில்கூட இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்வதில்லை. மாணவர்கள் யாராவது ஏறிவிட்டால்?

அம்மாவின் அம்மாவும் பெருக்கினவள்தான். அவளுடைய அம்மாவும். பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறி வந்தது துடைப்பம். வேறு வேலை கேட்டுப் போனால், எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னதும், "அப்ப பெருக்குற வேலை இருக்கே" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறினவள் இவள். ஏறின முதல் வாரத்திலேயே ஓர் ஆங்கிலக் கட்டுரையை எழுந்து படித்தாள். வகுப்பே சிரித்தது. ஒரு சொல்கூடத் தப்பில்லை. எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லையும் பயபக்தியோடு முழுசு முழுசாகப் படித்தாள். அதற்குத்தான் சிரித்தார்கள்.

கல்லூரி விடுதியில் அவள் அறைக்கு அடுத்த அறை வார்டனுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் வார்டன் ஆங்கிலச் செய்தி போடுவார். சுவரைத் தாண்டிச் சொற்கள் வராது. வெறும் முனகல்தான் வரும். ம்ம்-ம்-ம்ம்ம்-ம். நீளம், குட்டை, ஏற்றம், இறக்கம். ஒரு மாதம் அதைக் கேட்டுப் படுத்துக்கிடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த பாஷையில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே நாற்காலி கிடையாது. சிலதுக்கு நாற்காலி, சிலதுக்குத் தரை. தரையில் உட்காருகிறதை விழுங்கிவிட வேண்டும். விழுங்கினால்தான் மரியாதை.

அவளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. சுவர்தான் சொல்லித் தந்தது. விளம்பரத்தில் அந்தச் சுவரைப் போட மாட்டார்கள்.

பதினோரு மணி வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு ரப்பர் பேண்ட், சொல்லில் அழுத்தம் விழுகிற இடத்தில் இழுப்பதற்கு. அதனால்தான் அவளுக்கு ரப்பர் பேண்ட் மிஸ் என்று பேர்.

"இன்ஜெக்ஷன். எங்க இழுக்கணும்?"

முன் பெஞ்சில் இருந்த நர்ஸ், வெளிநாட்டு ஆஸ்பத்திரித் தேர்வுக்குப் படிக்கிறவள், முதல் அசையிலேயே ரப்பரை இழுத்தாள். "இன்..."

"இல்ல. ஊசிய எடுத்ததுமே குத்துவீங்களா? இடத்தப் பாத்துதானே குத்துவீங்க? நடுவுல. ஜெக். அங்க இழுங்க. முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் தளர்வா இருக்கட்டும்."

"இன்-ஜெ...க்-ஷன்." ரப்பர் நடுவில் நீண்டு சுருங்கியது.

"சரி. டெம்பரேச்சர்?"

"மொதல்ல, மிஸ். டெ...ம்."

"ஹோட்டல்?"

"ஹோ...ட்டல்."

"கடைசியில. டெ...ல்."

கடைசி பெஞ்சிலிருந்து டாக்ஸி டிரைவர் கையைத் தூக்கினார். அவர் வகுப்பிலேயே மூத்தவர். விமான நிலையத்துச் சவாரி எடுக்க வந்து சேர்ந்தவர். "மிஸ், இருபது வருஷமா அந்த ஹோட்டல் வாசல்லதான் வண்டிய நிறுத்துறேன். அது முன்னாடி கனமா பின்னாடி கனமான்னு இன்னைக்குத்தான் யோசிக்கிறேன். ரப்பரு அறுந்துட்டா என்ன செய்யிறது?"

"வேற ரப்பர் தருவேன்."

"இங்கிலீஷு அறுந்துட்டா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

பிறகு வாக்கியத்துக்குப் போனார்கள். எல்லோரும் ரயில் ஓட்டினார்கள். ரயில் பெட்டிப் பேச்சு என்று அதற்கு மேடம் வைத்த பேர். ஒவ்வொரு சொல்லும் ஒரே நீளத்தில், ஒரே பாரத்தில், கொக்கி போட்ட பெட்டிகளாக வரிசையாக வரும். அவள் எல்லோரையும் வாயை மூடச் சொன்னாள்.

"சொல்லு வேண்டாம். முனகுங்க. பேஷண்ட் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலன்னு டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும். எது முக்கியம்? பேஷண்ட். சாப்பிடல. காலையிலேர்ந்து. அது மூணுதான் வெளிய கேக்கணும். மத்ததெல்லாம் முழுங்கிடுங்க."

பதினான்கு பேர் மூடிய வாயோடு முனகினார்கள். நடைவழியில் துடைப்பக்கட்டை தரையில் உரசிப் போய்க்கொண்டிருந்தது.

"மிஸ்," என்றாள் நர்ஸ், "முழுங்குன சொல்லு எங்க போகும்?"

"எங்கயும் போகாது. இருக்கும். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

"இருந்தும் இல்லாத மாதிரியா?"

"ஆமா," என்றாள் அவள். "அப்படித்தான் பழகணும்."

கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் நர்ஸ் பின்தங்கி நின்றாள். முன்பே இரண்டு தடவை சொன்னதையே மறுபடி சொன்னாள். "எங்க ஹாஸ்டல்ல ஹால் சும்மாதான் கெடக்கு மிஸ். பத்துப் பன்னெண்டு பேர் இருக்கோம். நீங்க அங்க வந்து வகுப்பு எடுத்தா நாங்க ஏன் இவ்வளவு தூரம் பஸ் ஏறணும்?" முன்பு இரண்டு தடவையும் அவள், பார்க்கலாம் என்றிருந்தாள். இந்தத் தடவை, "உங்க வார்டன் எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டாள்.

வீட்டில் அம்மா வேறு ஆள். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் குரல் ஒரு படி ஏறிவிடும். பகல் முழுக்க மடித்து வைத்த குரலை உதறி விரிக்கிற மாதிரி. அன்றைக்கு அம்மா குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே முனகினாள். ம்ம்-ம்-ம்ம்ம்-ம். காலையில் பதினான்கு பேர் முனகின அதே பேஷண்ட் வாக்கியம். என்ன சொல் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஏற்ற இறக்கம் மட்டும் அச்சுப் பிசகாமல் இருந்தது.

"தினமும் இதே ராகத்தத்தான் போட்டுக்கிட்டிருக்கீங்க," என்றாள் அம்மா. "அதுங்களுக்கு இன்னுமா வரல?"

"வரும்."

"கேட்டுட்டே போலருக்கு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கதவுக்கு அந்தாண்டதானே நின்னேன். வாளிக்கே கேட்டுச்சு, எனக்குக் கேக்காதா?" பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "என்ன வேணா கேளு, இத மட்டும் கேக்காதடின்னு எத்தன தடவ சொன்னேன்?"

"அந்த நாற்காலியில வேற ஒரு பொம்பள உக்காரப் போறாம்மா. நீயா."

"உக்காரட்டுமே. உக்காந்தா நாற்காலி தேஞ்சிடுமா? நாளைக்கு அதத் தொடைக்கப் போறவளும் நான்தானே." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் கிடைக்காததால் சீக்கிரம் நிறுத்தினாள்.

"உனக்குக் கோவமே வராதாம்மா?"

"ஏன் வராது? வந்துச்சு. ஒன்ன பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப வந்துச்சு. இந்தத் தெருப் பிள்ளைங்கள்லாம் கடைசி வரிசைதான்னு அந்த ஆளு சொன்னான். ஏன், எம்பொண்ணு முன்னால உக்காந்தா பலகை மறைஞ்சிடுமான்னு கேட்டுட்டேன். எடம் இல்லன்னுட்டான். அந்த வருஷம் ஒனக்குப் பள்ளிக்கூடமே இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மற்ற பிள்ளைகளைவிட ஒரு வயது கூடுதலாகவே அவள் ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சுன்னு சொன்னியே?"

"கோவமும் ஒடம்புல வர்றதுதானே. என்ன, எனக்கு வந்துச்சு. ஒனக்கு வந்துச்சுன்னு சொன்னேன்." அம்மா கையைக் கழுவினாள். "அடுத்த வருஷம் போயி அவன் கால்ல விழாத குறையா நின்னு சேத்தேன். அதோட சரி. கோவப்பட்டா ஒரு வருஷம் போயிடும். இப்ப நீ கோவப்பட்டா எத்தன வருஷம் போகுமோ? நாளைக்கு ஒழுங்கா மேடையில ஏறி, அந்தம்மாவப் பாத்துச் சிரிச்சு, குடுக்குறத வாங்கிக்கிட்டு வா. நான் கதவுகிட்டதான் நிப்பேன். எனக்கு அங்கேர்ந்தே நல்லாத் தெரியும்."

"மத்தவங்களுக்குத் தெரியாதேம்மா. நீ அங்க நிக்கிறது எனக்கு மட்டும்தானே தெரியும்."

"ஒனக்குத் தெரிஞ்சாப் போதாதா? போடி, போயிச் சாப்பிடு."

சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லியிருக்க முடியாது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு, மழையில், நர்ஸ்கள் விடுதிக்குப் போனாள். வார்டன் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பெயர், படிப்பு, விலாசம். அதற்குக் கீழே, தாயின் தொழில். பேனா நிற்கும் என்று நினைத்தாள், நிற்கவில்லை. பெருக்கித் துடைக்கும் வேலை என்று எழுதினாள். வார்டன் படித்தார், முத்திரை குத்தினார், "திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுங்க. போர்டு வாங்கி வைக்கிறேன்" என்றார். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இவ்வளவுதானா? இரண்டு வருஷம் சுமந்தது இந்த ஒரு வரியையா? வெளியே வந்து குடையை விரிக்க மறந்து பத்தடி நடந்துவிட்டாள்.

பத்து மணிக்குப் பயிற்சி நிலையத்துக்கு வந்து, தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்தாள். ரப்பர் பேண்ட் டப்பாவைப் பைக்குள் போட்டாள். ராஜினாமாக் கடிதத்தைப் பதிவேட்டுக்குள் செருகி, மேடத்தின் மேஜை மேல் வைத்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முழங்கையைக் கிள்ளுவாள்.

அலுவலக அறையில் அண்ணி காத்திருந்தார். வெளுப்பான, களையான அம்மாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, தேர்வுக்கு வந்த பிள்ளை மாதிரி பதற்றமாக இருந்தார்.

"வா கண்ணு. ஒண்ணு கேக்கணும். யாராவது ஏதாவது கேட்டா நான் முழிக்கக் கூடாது பாரு. சின்ன வயசுல உனக்கு என்ன பிடிக்கும்? அடம் பிடிப்பியா?"

"ஞாபகம் இல்ல ஆன்ட்டி."

"ஆன்ட்டின்னு சொல்லாதே." சிரித்தார். "வீட்ல எப்படிக் கூப்பிடுவே? மம்மின்னு சொல்வியா, மாம்னு சொல்வியா?"

அவரை வெறுக்க அவள் முயன்றாள். அதுவும் வரவில்லை. பிள்ளை இல்லாத ஒருத்தி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளையை உடுத்திப் பார்க்க வந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

கூடம் நிறைந்திருந்தது. மழை விடவில்லை. வருகிறவர்கள் செருப்பில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மேடம் அம்மாவைப் பக்கவாட்டுக் கதவோரம் நிறுத்தி, "தடம் விழ விழத் தொடைச்சுக்கிட்டே இருங்கம்மா, விருந்தாளி வழுக்கிடப் போறார்" என்று சொல்லியிருந்தார். அம்மா துடைத்துக்கொண்டே இருந்தாள். விருந்தாளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாகி. வருஷத்துக்கு நாற்பது ஊழியர்களை இங்கே பயிற்சிக்கு அனுப்புகிறவர். அவர் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லுக்காகத்தான் இந்த நாற்காலி, இந்த மாலை, இந்த விளக்கு, இந்த அண்ணி எல்லாம்.

அவள் பேரை அறிவித்தார்கள். கைதட்டல். அண்ணி எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு உட்கார்ந்தார். கும்பிட்டது கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

"இப்ப நம்ம முன்-பின் காட்சி," என்றார் மேடம் ஒலிபெருக்கியில். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வருஷா வருஷம் எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆசிரியை முதலில் ஒரு வாக்கியத்தை, சேரவந்த புதிதில் மாணவர்கள் சொல்வது போலச் சொல்வாள். அது முன். சிரிப்பார்கள். பிறகு அதையே பயிற்சி பெற்ற மாதிரி சொல்வாள். அது பின். கைதட்டுவார்கள். போன வருஷம் அவளுடைய 'முன்'னுக்கு அப்படிச் சிரித்தார்கள். எங்கே கற்றாய் இந்த மிமிக்ரியை என்று மேடம் கேட்டார். எங்கேயும் கற்கவில்லை. தன் தெருவின் வாயைத்தான் மேடையில் கழற்றி வைத்தாள்.

அவள் ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றாள். அண்ணி புன்னகையைத் தயாராக வைத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டிப் பக்கவாட்டுக் கதவைக் காட்டினாள். எல்லாத் தலையும் அங்கே திரும்பியது. குனிந்து துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"ஷி. இஸ். மை. மதர்."

நான்கு பெட்டி. நான்கும் ஒரே நீளம், ஒரே பாரம். ஒன்றையும் விழுங்கவில்லை. அவள் பாட்டி பேசியிருந்தால் பேசியிருக்கிற மாதிரி. முதல் வாரத்தில் வகுப்பே சிரித்த மாதிரி.

கூடம் குலுங்கிச் சிரித்தது. துடைக்கிற பெண்ணைக் காட்டிச் சொன்னது எல்லோருக்கும் இன்னும் பிடித்துவிட்டது. "அதே மாதிரியே சொல்லுது பாரு" என்று யாரோ தொடையில் தட்டினார். டாக்ஸி டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கதவோரம் நின்ற முகத்தையும் மேடையில் நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, இதுதான் முன்," என்று மேடமும் சிரித்தார். சிரிப்பின் ஓரம் இறுகியிருந்தது. "இப்ப பின்."

"பின் கிடையாது மேடம்," என்றாள் அவள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "பாடம் இல்லீங்க இது. நிஜமாவே அவங்கதான் எங்கம்மா. என்னைப் பெத்தவங்க. இங்க பதினோரு வருஷமா பெருக்குறாங்க."

சிரிப்பு தடுமாறியது. எந்த இடத்தில் சிரிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அண்ணி கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். விருந்தாளி நாற்காலியில் திரும்பி, கதவோரம் நின்றவளைப் பார்த்து, குரலை இரக்கமாக்கிக்கொண்டு கேட்டார்: "அப்படியாம்மா? உங்க பொண்ணா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டாயிற்று. இனி வேண்டியது ஒரு தலையசைப்புதான்.

அம்மா துடைப்பக்கட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். மேடத்தைப் பார்த்தாள். கடைசியாக மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய கிள்ளல் இருந்தது. சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு.

"அய்யோ, இல்லீங்க சார்," என்றாள் அம்மா. பதறாமல், தெளிவாக, இரண்டு வருஷப் பழக்கத்தோடு. "மிஸ் பாடம் எடுக்குறாங்க. நல்லா எடுப்பாங்க. நான் யாரு, இங்க பெருக்குறவ."

ஒரு நொடி கழித்துக் கூடம் வெடித்துச் சிரித்தது. பாரம் இறங்கின சிரிப்பு. கைதட்டல் மழைச் சத்தத்தை மூடியது. விருந்தாளி தலையை ஆட்டி ஆட்டித் தட்டினார். "பிரமாதம். ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்." மேடம் மூச்சை விட்டார். இதைவிட நல்ல முன்-பின் காட்சி இந்த நிலையத்தில் நடந்ததே இல்லை என்று பிறகு எல்லோரும் பேசிக்கொள்வார்கள்.

அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளிடம் படித்த எந்த மாணவனுக்கும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. தன்னைத் தானே விழுங்கிக்கொண்டாள். தொண்டையில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

கன்னம் இன்னும் மரத்துத்தான் இருந்தது. அது பரவாயில்லை. முடிவு எடுக்கக் கன்னம் தேவைப்படவில்லை. அந்த முடிவு காலையிலேயே, ஒரு படிவத்தில், மழை ஈரத்தோடு எழுதி முத்திரை குத்தப்பட்டுவிட்டது. கட்டைவிரலில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி ஒலிபெருக்கிக் கம்பியில் மாட்டினாள். மேடையிலிருந்து இறங்கினாள்.

"கண்ணு, போட்டோ..." என்றார் அண்ணி, பாதி எழுந்து.

"நீங்களே நில்லுங்க ஆன்ட்டி. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

"எங்க போறே?" என்று மேடம் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். பதில் மேஜை மேல், பதிவேட்டுக்குள் இருந்தது.

கைதட்டல் இன்னும் ஓயாத கூடத்தின் நடுவே, பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்தாள். அம்மா சுவரோடு ஒதுங்கி வழி விட்டாள். இருவருக்கும் நடுவே ஒரு வாளி அகலம்தான். அவள் நின்றாள். மேடம் கேட்கும்படி, விருந்தாளி கேட்கும்படி, அந்தக் கட்டடத்தில் இரண்டு வருஷமாகச் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"அம்மா. வர்றேம்மா."

அம்மாவின் உதடு அசைந்தது. ஆனால் விருந்தாளி இன்னும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துப் போங்க மிஸ்," என்றாள் அம்மா. "ஈரமா இருக்கு."

அவள் பார்த்துப் போகவில்லை. இப்போதுதான் துடைத்து முடித்த தரையில், முழுசு முழுசாகத் தடம் பதித்து, வெளியே போனாள்.